நோலண்டார்ஃப் சதுக்கத்துத் தோழியர்

ஒரு பெண் நிற்கிறாள். தலையில் உயரமான கறுப்புத் தொப்பி. உடுத்தியிருப்பது ஆண்கள் போடும் கால்சட்டை. சுற்றிலும் களியாட்ட இரவின் கூட்டம், கூட்டத்தில் பெண்களோடு பெண்கள். அவள் நிற்கும் தோரணையில் கூச்சமில்லை, சவாலும் இல்லை. தன் வீட்டுத் திண்ணையில் நிற்பவளைப் போல நிற்கிறாள். பென்சில் கோடுகளின் மேல் நீர்வண்ணம் பூசி வரைந்த சிறிய படம் இது. 1920களின் இறுதியில் ‘சிம்ப்ளிசிஸ்ஸிமுஸ்’ என்ற ஜெர்மானிய அங்கத இதழில் வெளிவந்தது. அச்சானபோது படத்தின் கீழே அவள் பேசுவது போல ஒரு வரி சேர்ந்திருந்தது. அப்பா அரசு வழக்கறிஞர், அம்மா மாநிலச் சட்டமன்றத்தில் இருக்கிறார், குடும்பத்திலேயே சொந்த வாழ்க்கை என்று ஒன்று இருப்பது எனக்கு மட்டும்தான் என்று அந்த வரி சொன்னது.

வாசகரைச் சிரிக்க வைக்க எழுதிய வரி அது. அதைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள், சிரிப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இருப்பது ஒரு மனுஷி, அவளுடைய ஓர் இரவு, அவளைச் சேர்ந்தவர்கள். வரைந்தவர் கண்டதும் அச்சிட்டவர்கள் விற்றதும் ஒன்றாக இல்லை. ழான் மாமென் என்ற ஓவியரின் வாழ்நாள் வேலையைப் புரிந்துகொள்ள இந்த இடைவெளியிலிருந்து தொடங்குவதே சரியென்று எனக்குப் படுகிறது. தன்பாலீர்ப்புப் பெண்களைப் பற்றிக் காவல் துறையும் மருத்துவமும் சுற்றுலா வழிகாட்டிகளும் எழுதிக் குவித்த ஒரு நகரத்தில், அவர்களை அவர்களாகவே பார்த்துப் பதிவு செய்த கை இவருடையது.

மாமென் 1890 நவம்பர் 21 அன்று பெர்லினில் பிறந்தார். வளர்ந்தது பாரிஸில். பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ரோம் என்று மூன்று நகரங்களில் ஓவியம் படித்தார், உடன் படித்தவர் அக்கா. வசதியான குடும்பம். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் பிரெஞ்சு அரசின் கணக்கில் இவர்கள் எதிரி நாட்டுக் குடிமக்கள் ஆனார்கள், சொத்தெல்லாம் பறிமுதலானது. குடும்பம் பாரிஸை விட்டு ஓடியது. பிறந்த ஊரென்றாலும் பழக்கமில்லாத பெர்லினுக்கு அந்த இளம்பெண் வந்து சேர்ந்தபோது கையில் காசு கிடையாது. உடை அலங்காரப் படங்கள், சினிமா போஸ்டர்கள் என்று கிடைத்ததையெல்லாம் வரைந்து பிழைத்தார். பிரெஞ்சு வாசிப்பில் ஊறிய இவருக்குப் பெர்லின் கடைசிவரை கொஞ்சம் வெளியூராகவே இருந்திருக்க வேண்டும். வெளியூர்க்காரரின் கண் அந்தப் படங்களில் தெரிகிறது. எல்லாமே முதல்முறையாகப் பார்க்கப்பட்டவை போல இருக்கின்றன.

1920 வாக்கில் அக்காவும் தங்கையும் கூர்ஃபுர்ஸ்டெண்டாம் பெருந்தெருவின் 29ஆம் எண் வீட்டில், பின்கட்டின் மாடியில், முன்பு புகைப்பட நிலையமாக இருந்த இரண்டு அறைகளில் குடியேறினார்கள். மாமென் சாகும்வரை, ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக, அங்கேதான் இருந்தார். அவ்வளவு நீண்ட வாழ்க்கைக்கு அவ்வளவு சின்ன இடம் போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அவருடைய உண்மையான பணியிடம் தெரு. ஸ்கெட்ச் புத்தகத்தோடு இறங்கி நடப்பார். கஃபேக்கள், மதுக்கூடங்கள், நடன அரங்குகள், சந்தைகள், ரயில் நிலையங்கள் என்று சுற்றுவார். வேகமான பென்சில் கோடுகளில் முகத்தையும் உடல் வளைவையும் பிடித்துக்கொண்டு மாடியறைக்குத் திரும்பியபின் நீர்வண்ணம் ஏற்றுவார். அவருடைய ஸ்கெட்ச் புத்தகங்கள் பல இன்றும் இருக்கின்றன. முடிந்த படங்களைவிட எனக்கு அந்தத் தாள்கள் நெருக்கமானவை. ஒரு தோள் திரும்புவதையும் ஒரு கை சிகரெட்டைப் பிடிப்பதையும் நாலு கோட்டில் காட்டிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார்.

அந்த மாடியறையிலிருந்து கிழக்கே அரை மணி நேரம் நடந்தால் ஷோனபெர்க் பகுதியின் நோலண்டார்ஃப் சதுக்கம். சதுக்கத்தைச் சுற்றியுள்ள மோட்ஸ் தெரு, பியூலோ தெரு, க்ளைஸ்ட் தெரு எல்லாம் 1920களில் தன்பாலீர்ப்பாளர்களும் திருநரும் தம்மைப் போன்றவர்களைத் தேடி வந்த தெருக்கள். எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் இங்கிலாந்திலிருந்து வந்து 1930 டிசம்பர் முதல் தங்கியிருந்த நோலண்டார்ஃப் தெரு 17ஆம் எண் வீடு இந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்தில்தான். மோட்ஸ் தெருவில் எல்டொராடோ என்ற நடன அரங்கு இருந்தது. அதன் புகழ் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று சொல்லும் அளவுக்கு.

சட்டம் இவர்களுக்கு எதிராகத்தான் இருந்தது. 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கியது. நடைமுறை வேறு மாதிரி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பெர்லின் காவல் துறை இதற்கென்று தனிப் பிரிவு வைத்து, மதுக்கூடங்களை மூடாமல் கண்காணிக்கும் வழியைப் பிடித்துக்கொண்டது. யார் எங்கே போகிறார்கள், யாரோடு பழகுகிறார்கள் என்று பட்டியல் வைத்தார்கள். சகிப்பின் விலை அந்தப் பட்டியல். பிற்காலத்தில் வேறொரு ஆட்சியின் கைக்கு அது போய்ச் சேர்ந்தபோதுதான் அந்த விலை எவ்வளவு என்று தெரிந்தது.

இன்னொரு பக்கம் மருத்துவர் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட். 1897 முதல் 175ஆம் பிரிவை நீக்கப் போராடியவர், 1919இல் பாலியல் ஆய்வு நிறுவனத்தைப் பெர்லினில் தொடங்கியவர். அவர் தொகுத்த வினாப்பட்டியல்களும் வாழ்க்கைக் குறிப்புகளும் புகைப்படங்களும் பெரும் கருவூலம். அவருடைய நோக்கம் விடுதலை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மருத்துவரின் முன்னால் ஒருவர் தன்னை விளக்கியாக வேண்டும். நீ ஏன் இப்படி இருக்கிறாய் என்ற கேள்வி, எவ்வளவு கனிவாகக் கேட்டாலும், கேள்விதான். மாமென் படங்களில் யாரும் எதையும் விளக்குவதில்லை. அவர்கள் சீட்டாடுகிறார்கள், குடிக்கிறார்கள், சலித்துக்கொள்கிறார்கள், பக்கத்தில் இருப்பவளின் தோளில் சாய்கிறார்கள்.

175ஆம் பிரிவு பெண்களைத் தொடவில்லை. இதைப் பெரிய சலுகை என்று எண்ணிவிடக் கூடாது. பெண்ணுக்கென்று ஓர் இச்சை இருக்கக்கூடும் என்றே சட்டம் எழுதியவர்கள் நினைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். பொது ஒழுக்கம், ஆபாசம் என்று வேறு கதவுகளின் வழியே காவல் துறை வரத்தான் செய்தது. இருந்தாலும் அந்த இடைவெளியில் ஓர் உலகம் முளைத்தது. லோட்டே ஹாம் என்பவர் நடத்திய ‘வியோலெட்டா’ மகளிர் மன்றம் நடன இரவுகளும் உல்லாசப் பயணங்களும் ஏற்பாடு செய்தது. ஷ்வெரீன் தெருவில் டாப்கெல்லர் என்ற நிலவறை மதுக்கூடம், பியூலோ தெருவில் டோரியன் க்ரே. 1924 முதல் 1933 வரை, இடையிடையே தடைபட்டாலும், தன்பாலீர்ப்புப் பெண்களுக்கென்றே ஓர் இதழ் பெர்லினின் தெருக் கடைகளில் வெளிப்படையாகத் தொங்கியது. அதன் பெயர் ‘டி ஃப்ராய்ண்டின்’. நம் மொழியில் ‘தோழி’.

தோழி என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது கை சற்று நிற்கிறது. நம் அகப்பாடல்களில் தோழி தலைவியின் குரல். தலைவியால் சொல்ல முடியாததைச் செவிலியிடமும் தலைவனிடமும் எடுத்துச் சொல்பவள் அவள், தனக்கென்று காதல் கதை இல்லாதவள். பெர்லின் கடைகளில் தொங்கிய அந்தத் தோழிக்குக் கதை தன்னுடையது. தெரியாதவர் கண்ணுக்கு அது வெறும் நட்பைக் குறிக்கும் சொல், தெரிந்தவர்களுக்கு ஓர் அழைப்பு. சந்தா கட்டியவர்கள், வாசகர் கடிதம் எழுதியவர்கள், துணை தேடி விளம்பரம் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்த ஒரு சொல்லின் மறைவில் ஒருவரையொருவர் கண்டுகொண்டார்கள்.

மாமென் வரைந்தது இவர்களைத்தான். அவர் எப்படிப் பார்த்தார் என்பது அதே காலத்து ஆண் ஓவியர்களோடு சேர்த்து வைத்தால் துலங்கும். ஓட்டோ டிக்ஸ் 1926இல் பத்திரிகையாளர் சில்வியா ஃபான் ஹார்டனை வரைந்தார். ஒற்றைக் கண்ணாடி, வெட்டிய முடி, பெரிய எலும்புக் கைகள், காலில் நழுவிய காலுறை. அபாரமான ஓவியம் அது, மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பெண் அங்கே ஒரு காலத்தின் சின்னமாக ஆக்கப்பட்டிருக்கிறாள். டிக்ஸுக்கு அவள் சான்று. மாமென் படத்தின் பெண் எதற்கும் சான்று சொல்ல வரவில்லை. ‘நடனமாடும் இரு பெண்கள்’ என்ற நீர்வண்ணப் படத்தில் இருவரும் உடலோடு உடல் நெருங்கி ஆடுகிறார்கள். நம்மைப் பார்த்து அவர்கள் எந்த பாவமும் காட்டவில்லை. பார்ப்பவரை மறந்துவிட்டவர்களின் அமைதி அதில் இருக்கிறது.

கண்களைத் தொடர்ந்து பாருங்கள், மாமென் எல்லாவற்றையும் கண்களில்தான் வைத்திருக்கிறார். ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் அவருடைய கஃபேக் காட்சிகளில் பெண்ணின் பார்வை பெரும்பாலும் ஆணைத் தாண்டி எங்கோ போகிறது. அரைக்கண் மூடிய சலிப்பு, கணக்குப் போடும் களைப்பு. 1929இல் வரைந்த ‘சலிப்பூட்டும் பொம்மைகள்’ படத்தில் முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் ஒரு பொம்மை. பெண்களின் முகத்திலும் பொம்மையின் முகத்திலும் ஏறக்குறைய ஒரே வெறுமை. உலகம் இவர்களிடம் எதிர்பார்ப்பது பொம்மை முகத்தைத்தான் என்பது பேச்சில்லாமல் புரிகிறது. பெண்கள் மட்டும் கூடும் இடங்களை வரையும்போது அந்த முகங்கள் இளகுகின்றன. பார்வைகள் ஒன்றையொன்று சந்திக்கின்றன, அல்லது சந்திக்கத் தேவையில்லாத அளவுக்கு நிம்மதியாக இருக்கின்றன. எங்கே ஒருத்தி முகமூடியைக் கழற்றினாள் என்பதற்கு இதைவிடத் துல்லியமான ஆவணத்தை நான் கண்டதில்லை.

இதை அவரால் செய்ய முடிந்ததற்குக் காரணம் எளிது. அவரும் பெண், குட்டை முடிக்காரி, யாரும் திரும்பிப் பார்க்காத தோற்றம். ஓர் ஆண் ஓவியர் மகளிர் மதுக்கூடத்துக்குள் நுழைந்தால் அந்த நொடியே அறை மாறிவிடும். இவர் மூலையில் உட்கார்ந்தால் அறை அப்படியே இருக்கும். 1929இல் ‘வெல்ட்ப்யூனே’ வார இதழில் கூர்ட் துக்கோல்ஸ்கி இவருடைய படங்களைப் பாராட்டி எழுதினார். அந்தக் காலத்தின் கூர்மையான எழுத்தாளர்களில் ஒருவர் அவர், எளிதில் மெச்சுபவர் அல்ல. 1930இல் குர்லிட் காட்சிக்கூடத்தில் மாமெனின் முதல் தனிக் கண்காட்சி நடந்தது. இதழ்களின் வருமானம் அதற்குள் அவரை நிமிர்ந்து நிற்க வைத்திருந்தது.

அந்த வருமானத்தோடு ஒரு சிக்கலும் வந்தது. படங்கள் பிறந்த இடம் மதுக்கூடம் என்றாலும் அவை போய்ச் சேர்ந்தது யாருடைய மேசைக்கு? ரூத் மார்கரெட் ரோலிக் 1928இல் எழுதிய பெர்லின் தன்பாலீர்ப்புப் பெண்கள் பற்றிய நூல், ஹிர்ஷ்ஃபெல்டின் முன்னுரையோடு, உள்ளிருந்து எழுதப்பட்டது. எந்த மன்றம் எங்கே இருக்கிறது, அங்கே எப்படிப்பட்டவர்கள் வருவார்கள் என்று தனியாக வரும் ஒரு பெண்ணுக்கு வழி சொன்னது. மூன்று ஆண்டுகள் கழித்து 1931இல் கூர்ட் மோரெக் என்ற புனைபெயரில் வந்த ‘ஒழுக்கம் கெட்ட பெர்லினுக்கு வழிகாட்டி’ வேறு வகை. அதன் வாசகர் வேடிக்கை பார்க்க வரும் பயணி. மாமெனின் ‘கஃபே நோலண்டார்ஃப்’ போன்ற படங்கள் இந்த நூலில்தான் இடம்பெற்றன. தலைப்பிலேயே ஒழுக்கக்கேடு என்று முத்திரை குத்திய புத்தகத்துக்குள் மாமெனின் பெண்கள் மேசையைச் சுற்றி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிழைப்பதற்கு வரைந்தவர் அவர். கூலி கொடுத்தவர் விரும்பிய பரபரப்பைக் கொடுக்காமல், தான் கண்டதையே அந்தக் கூலிக்குக் கொடுத்தார் என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஆனாலும் ஆய்வாளர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தப் படங்கள் அந்த உலகத்தின் முழுப் பதிவு அல்ல. இதழ்கள் கேட்டது நகர மேற்கின் நவநாகரிகத்தை. தொழிலாளர் குடியிருப்புகளில் மறைவாக வாழ்ந்த பெண்கள், மதுக்கூடத்துக்குச் செலவழிக்கக் காசில்லாத பெண்கள் இந்தத் தாள்களுக்குள் குறைவாகவே வருகிறார்கள்.

அவர் தனக்காகவும் அந்தப் பெண்களுக்காகவும் தங்குதடையின்றி வரைந்தது ஒரே ஒரு தொகுதி. 1930 வாக்கில் காட்சிக்கூட உரிமையாளர் வோல்ஃப்காங் குர்லிட், பியேர் லூயிஸின் ‘பிலிடிஸ் பாடல்கள்’ நூலுக்குக் கல்லச்சுப் படங்கள் வரையச் சொன்னார். 1894இல் வந்த அந்த நூல் பழைய கிரேக்கப் பெண்கவி ஒருத்தியின் மொழிபெயர்ப்பு என்று சொல்லிக்கொண்டது. உண்மையில் எல்லாம் லூயிஸ் என்ற ஆணின் கற்பனை. மாமென் கிரேக்கத்தை அப்படியே தள்ளிவிட்டார். தூண்களும் ஒலிவ மரங்களும் இல்லை. தான் நடந்து திரிந்த பெர்லினின் பெண்களைக் கொண்டுவந்து வைத்தார். மகளிர் மதுக்கூடம், கண்ணாடி முன் அலங்காரம், பொறாமை, படுக்கையில் இரண்டு உடல்களின் சோம்பல். ஓர் ஆண் தொலைதூரத்துப் பழங்காலத்தில் ஒளித்துவைத்த ஆசையை, இவர் பக்கத்துத் தெருவுக்கு, நிகழ்காலத்துக்கு இழுத்துவந்தார். தொகுதி அச்சேறவே இல்லை. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் நின்றது. இன்று எஞ்சியிருப்பவை சில சோதனைப் படிகள் மட்டுமே.

தெருவும் நின்றது. 1932 இலையுதிர்காலத்திலேயே பெர்லின் காவல் துறை தன்பாலீர்ப்பாளர் நடன நிகழ்ச்சிகளுக்குத் தடை போடத் தொடங்கிவிட்டது. 1933 தொடக்கத்தில் மதுக்கூடங்கள் வரிசையாக மூடப்பட்டன. எல்டொராடோவின் முகப்பில் ஹிட்லரின் தேர்தல் சுவரொட்டிகள் ஏறின. அதன் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது, பழைய பெயர்ப் பலகைக்குக் கீழே ஸ்வஸ்திகா. மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனம் சூறையாடப்பட்டது. மே 10 இரவு அதன் நூலகம் ஓப்பர்ன் சதுக்கத்துத் தீயில் போனது. ‘தோழி’ இதழ் நின்றது. 1935இல் 175ஆம் பிரிவு கடுமையாக்கப்பட்டது. நாஜி ஆட்சியில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் ஆண்கள் அதன் கீழ் தண்டிக்கப்பட்டார்கள், ஆயிரக்கணக்கானோர் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணத்தோடு வதைமுகாம்களுக்குப் போனார்கள். காவல் துறையின் பட்டியல்கள் இப்போது பயன்பட்டன. பெண்களுக்குத் தனிச் சட்டம் வரவில்லை. அவர்கள் முடியை வளர்த்தார்கள், முகவரியை மாற்றினார்கள், சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்படியும் சிக்கியவர்கள் வேறு குற்றப் பெயர்களில் முகாமுக்குப் போனதால், அவர்களைக் கணக்கெடுப்பது இன்றுவரை ஆய்வாளர்களுக்குக் கடினமாக இருக்கிறது.

புதிய ஆட்சிக்கு வளைந்துகொடுத்த இதழ்களுக்கு வரைவதை மாமென் நிறுத்தினார். வருமானம் போனது. தள்ளுவண்டியில் பழைய புத்தகங்களை வைத்துத் தெருவில் விற்றார். ஸ்கெட்ச் புத்தகத்தோடு சுற்றிய அதே நகரத்தின் தெருவில், இப்போது வண்டியோடு. 1937இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போனவர் பிக்காசோவின் ‘குவெர்னிகா’வை அங்கே பார்த்தார். திரும்பிவந்து, நாஜிகள் சீரழிந்த கலை என்று வசைபாடிய அந்தக் கனசதுர பாணியிலேயே, யாருக்கும் காட்ட முடியாத ஓவியங்களை மாடியறையில் தீட்டினார். நண்பரான உயிரியற்பியலாளர் மாக்ஸ் டெல்ப்ருக் அமெரிக்காவிலிருந்து அவருக்குத் துணையாக இருந்தார். பின்னாளில், 1969இல், நோபல் பரிசு பெற்ற அதே டெல்ப்ருக்தான்.

போருக்குப்பின் மாமென் வரைந்தவை வேறு உலகம். கம்பி, நூல், பளபளக்கும் மிட்டாய்த் தாள் எல்லாம் ஒட்டிய அரூப ஓவியங்கள். 1920களின் தெருப்படங்கள் பல ஆண்டுகள் மறந்துபோய்க் கிடந்தன. 1970களில் காட்சிக்கூடங்களும், அவற்றைத் தொடர்ந்து மகளிர் இயக்கமும் அந்தப் படங்களைத் தேடி வந்தன. 1975இல் கலை விமர்சகர் ஹான்ஸ் கிங்கெலுக்குக் கொடுத்த நேர்காணலில், யார் கண்ணுக்கும் படாமல் உலகத்தில் நடந்து மற்றவர்களைப் பார்க்கும் வெறும் ஒரு சோடிக் கண்களாக இருக்கத்தான் தான் எப்போதும் விரும்பியதாகச் சொன்னார். 1976 ஏப்ரல் 22 அன்று அவர் இறந்தார்.

அவர் யாரை நேசித்தார்? இந்தக் கேள்வி அவரைப் பற்றி எழுதுகிற எல்லோரையும் விடாமல் துரத்துகிறது. அவர் ஒருபோதும் பதில் எழுதிவைக்கவில்லை. பட்டியல் போட்ட காவல் துறையின் காலத்தில் வாழ்ந்தவர் தன் பெயரை எந்தப் பட்டியலிலும் விடாமல் போனார் என்றால் அந்த மௌனத்தை நாம் உடைக்க வேண்டியதில்லை. படங்களில் இருக்கும் நெருக்கம் போதும்.

நோலண்டார்ஃப் சதுக்கத்தின் ரயில் நிலையச் சுவரில் 1989 முதல் ஒரு முக்கோணக் கல் பதிக்கப்பட்டிருக்கிறது, நாஜிகளால் கொல்லப்பட்ட தன்பாலீர்ப்பாளர்களின் நினைவாக. சுற்றியுள்ள தெருக்களில் மறுபடியும் பால்புதுமையினரின் கடைகள், மதுக்கூடங்கள், கோடையில் தெருவிழா. எல்டொராடோ இருந்த கட்டடத்தில் பின்னாளில் காய்கறி விற்றார்கள். டாப்கெல்லரில் ஆடியவர்கள் எப்படி நின்றார்கள், எப்படிச் சாய்ந்தார்கள், கண்ணை எப்போது மூடினார்கள் என்று தெரிய வேண்டுமானால் பெர்லின் அருங்காட்சியகத்தின் காகித இழுப்பறைகளைத்தான் திறக்க வேண்டும். தொப்பிக்காரப் பெண்ணின் படம் இப்போது புத்தகங்களில் தலைப்போடு மட்டும் வருகிறது. அரசு வழக்கறிஞர் அப்பாவும் சட்டமன்ற அம்மாவும் பழைய இதழின் பக்கத்திலேயே நின்றுவிட்டார்கள்.